ஹலோ, மைக் டெஸ்டிங்

நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் பிறந்து, சிரம்பானில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, பாட்டிமாரின் தாலாட்டையும் ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போனவர்களின் கதைகளையும் ஒலிப்பதிவு செய்து காப்பாற்றப் புறப்பட்டிருக்கும் வாய்மொழி வரலாற்று ஆர்வலர், பதிவு ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து முடித்தவர்.

ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிவு தொடங்கிவிடும் என்றாலும், மாதிரி வீதம், அதாவது ஒலியலையை வினாடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்குவது என்னும் கணக்கு, முடிவாகாமல் அவர் விரல் அசையாது. மனிதச் செவிக்கு எட்டும் உச்சம் வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளே என்பதாலும், அதைப்போல் இருமடங்குக்குச் சற்று மேல் அளந்தாலே போதும் என்பதாலும் இசைக் குறுந்தட்டுக்கு 44,100 போதுமாயிற்று. இவரோ, பல்போன வாயிலிருந்து வரும் தாலாட்டில் வௌவாலுக்கு மட்டுமே கேட்கும் பகுதி தப்பிவிடக் கூடாது என்று 96,000ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஒருவழியாகப் பாட்டி ஒருவரின் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தால் ஒலி மட்டம் பார்க்கும் சடங்கு தொடங்குகிறது. எண்முறைப் பதிவில் உச்சவரம்பு சுழியம் டெசிபெல் என்பதால், அதைத் தாண்டும் ஒலியின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும் என்று அஞ்சி, குரலின் உச்சத்தை மைனஸ் 12ஐ ஒட்டி நிறுத்துவது வழக்கம். இவர் அதைத் தம் சொந்தக் குரலால் நிறுத்துகிறார். ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங் என்று முழங்கி, மின்விசிறியை அணைக்கச் சொல்லி, கோழியை விரட்டி, பக்கத்து வீட்டுச் சீரியலை அடக்கி, மறுபடியும் ஹலோ சொல்லி முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்தியபின் பாட்டி வாய் திறந்தால், அந்த மெல்லிய குரலுக்கு முள் அசைவதே இல்லை. ஆகவே எல்லாம் முதலிலிருந்து.

“பாடவாய்யா?”

“கொஞ்சம் பொறுங்க பாட்டி, லெவல் பாக்குறேன்.”

வியர்த்து வழிந்தபடி பொறுத்திருக்கும் பாட்டிக்கு அவர்மேல் கோபமில்லை. வரும்போதெல்லாம் நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வருபவரை யார்தான் கோபித்துக்கொள்வார்கள்?

ஆனால் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சயாம் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது பத்து வயதுச் சிறுமிகளாக இருந்தவர்களே இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். பால்மரம் செம்பனையாகி, நீலாய்ப் பக்கம் செம்பனையும் வீடமைப்புத் திட்டமாகி, லயத்துச் சனங்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். பேரன் கைப்பேசியில், சேவல் கூவக் கூவப் பிடித்து, குடும்ப வாட்சப் குழுவில் போட்ட அரைகுறைத் தாலாட்டுத்தான் இன்று வரை இருக்கும் ஒரே பதிவு. அதையும், இரைச்சல் மிகுந்தது, ஆவணமாகாது என்று தள்ளிவிட ஆர்வலருக்கு மனம் வந்திருக்கிறது. இதைச் சிரித்துக் கடப்பது கடினம்.

2021இல் ஆடாசிட்டியின் 3.0 பதிப்பு வெளிவந்து, கோப்புகளைச் சேமிக்கும் வடிவமே மாறியது. அதுமுதல் அவர், தாம் ஹலோ சொன்ன பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகப் புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்.