ராஜா வரும்வரை

வீரமாமுனிவர் நம்முடைய பேச்சுத் தமிழுக்கு எழுதி, அவரோடு சமயவாதம் புரிந்துவந்த லூதரன் பாதிரிமாரின் அச்சகத்திலேயே 1738-ல் தரங்கம்பாடியில் அச்சேறிய இலக்கண நூல் லத்தீன் பாஷையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து, தமிழன் தன் பேச்சின் விதிகளை லத்தீனில் படித்துத் தெரிந்துகொள்வதே கிரமம் என்ற விபரீத ஆசை என்னைப் பற்றிக்கொண்டது. அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டென்று நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் அதற்குள் நான் லத்தீன் பாடப்புத்தகம் வாங்கிவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தின்மீது மனிதனுக்கு உண்டாகும் பக்தி அலாதியானது.

லத்தீன் பெயர்ச்சொற்கள் ஐந்து வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் வேற்றுமை ஆறு, ஒருமை பன்மை என வசனம் இரண்டு. ராம சப்தத்தை எட்டு விபக்திகளிலும் மூன்று வசனங்களிலும் ஒப்பித்து வளர்ந்தவனுக்கு இது பிரமாதமன்று. ஆனால் பாடம் எழுதுகிறவர்கள் வகுப்பு முறை பிறழாமல் சொற்களை வழங்குவதால், அந்த உலகத்தின் சிருஷ்டி பிரம்மதேவன் கையில் இல்லாமல் விகுதிகளின் கையில் இருக்கிறது.

முதல் வகுப்பில் சிறுமியும் ராணியும் ரோஜாவும் கிடைக்கின்றன. ஆண்பிள்ளைகள் என்று பார்த்தால் உழவன், மாலுமி, கவிஞன் ஆகியோருக்கு மேல் அதிகம் பேர் இல்லை. ஆகவே பக்கம் பக்கமாக உழவன் ராணியைப் புகழ்கிறான். கவிஞன் காட்டை நேசிக்கிறான். மாலுமி சிறுமிக்கு ரோஜாப்பூக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். ராணிக்கு ராஜா இல்லை. சிறுமிக்குத் தாய் தகப்பன் இல்லை. மனம் பொறுக்காமல், எனக்குப் பாடம் சொல்லித்தந்த முதிய பாதிரியாரிடம், "சாமி, இந்தப் பெண்ணைக் கேட்பார் ஒருவருமே இல்லையா?" என்றேன்.

"பொறுங்கள் பிள்ளை, தகப்பனார் மூன்றாம் வகுப்பு. ராஜாவும் அப்படியே" என்றார் அவர், மூக்குப்பொடியை உறிஞ்சியபடி.

இரண்டாம் வகுப்பு திறந்தவுடன் எஜமானன், அடிமை, திராட்சை மது, வாள், யுத்தம் எல்லாம் ஒரே வண்டியில் வந்து இறங்கின. யுத்தம் மூண்டது, ஆனால் போர்வீரனும் சமாதானமும் மூன்றாம் வகுப்பு, சேனையோ நான்காம் வகுப்பு! சேனையும் இல்லாமல் நிறுத்துவதற்கு வழியும் இல்லாமல் அந்த யுத்தம் எத்தனையோ பயிற்சிகள் வரை நடந்தது. விடிவுக்கு நம்பிக்கையாவது வைக்கலாமென்றால், நம்பிக்கை ஐந்தாம் வகுப்பு.

வினைச்சொற்களின் யோக்கியதையும் இதுவே. நேசிப்பதும் சண்டையிடுவதும் முதல் வாய்பாடு, பயப்படுவது இரண்டாவது, ஆட்சி புரிவது மூன்றாவது, தூங்குவது நான்காவது. நேசித்து, சண்டையிட்டு, பயந்து, கடைசியில் எப்படியோ வந்துசேர்ந்த ராஜாவினால் ஆளவும் பட்ட அந்த ஜனங்கள், அதுவரை ஒரு கணமும் கண்மூடியதாகப் புத்தகத்தில் ஆதாரம் இல்லை. நான்காம் வாய்பாட்டை நான் எட்டியது ஒரு கோடைகாலப் பிற்பகலில். அந்த வினையை அவர்கள் முதல் உதாரண வாக்கியத்தில் அநுஷ்டிப்பதற்கு முன்பே நான் அநுஷ்டித்துவிட்டேன்.