அங்கணப் பூந்தோட்ட விசாரணை

சீமையில் அச்சான தோட்டக்கலை நூல்கள், கோடை முதிர்ந்து இலையுதிர் பருவம் தொடங்கும் காலத்தை ஓர் அஸ்தமன காலமாகவே பாவித்து, பட்ட செடிகளை வெட்டிக் களைந்து, கிழங்குகளைத் தோண்டி உள்ளே பத்திரப்படுத்தி, கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டு உறையில் இடும்படி வாசகனுக்கு உபதேசம் செய்கின்றன. கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் இடைசெவலில் அந்த உபதேசத்தை ஒருவர் சிரமேற்கொண்டு அனுஷ்டிப்பாரானால், ஊரெல்லாம் விதை ஊன்றிக்கொண்டிருக்கும் வேளையில் அவர் ஒருவர் மட்டும் கத்தரிக்கோலும் கையுமாக நின்று பரிகாசத்துக்கு ஆளாவார் என்பது நிச்சயம். கரிசல் காட்டில் செடிகளின் மரணம் பங்குனி சித்திரையிலேயே, யாரும் கத்தரிக்காமல், தானாக நடந்து முடிந்துவிடுகிறது. ஐப்பசி என்பது இங்கே ஜனன காலம். ஆகவே அந்நூல்களை வணக்கத்துடன் ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டுப் பூந்தோட்டம் என்னும் வஸ்து இப்பக்கத்தில் எங்கே உண்டாகிறது, எதனால் ஜீவிக்கிறது, அதன் கர்த்தா யார் என்னும் விஷயங்களைப் பிரமாண பூர்வமாக விசாரிக்கப் புகுகிறோம்.

எங்கே உண்டாகிறது என்ற வினாவுக்கு விடை தேடி அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் நுழைந்து பின்கதவு வழியாக வெளியே வந்தால் போதும். வாசல் பக்கத்தில் இடம் இருக்கிறது, வெயில் தாராளமாக விழுகிறது, போவோர் வருவோர் பார்த்துப் புகழ்வதற்கும் சௌகரியம் உண்டு. ஆயினும் பூச்செடி அங்கே இராது. புறவாசலில், பாத்திரம் விளக்கும் அங்கணத்துத் தண்ணீர் எந்தத் திசையில் வழிகிறதோ அந்தத் திசையில், எவ்வளவு தூரம் வழிகிறதோ அவ்வளவு தூரத்துக்கு மட்டும், கனகாம்பரமும் அந்திமந்தாரையும் செவ்வந்தியும் கேந்தியும் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். அங்கணத்தின் வாய் கிழக்கே இருந்தால் தோட்டம் கிழக்கே இருக்கும். வீட்டைப் பிரித்துக் கட்டி வாயை வடக்கே திருப்பினால், அடுத்த ஐப்பசிக்குள் தோட்டமும் வடக்கே குடிபெயர்ந்துவிடும். சூரிய கதி, வாஸ்து, அழகுணர்ச்சி ஆகியவற்றுக்கெல்லாம் இதற்கு அடுத்த ஸ்தானமே. இதனை ‘அங்கண நியமம்’ என்று பெயரிட்டு மேலே செல்வோம்.

இந்த நியமத்தின் காரணத்தை அறிய விரும்புவோர், தண்ணீருக்கு இவ்வூர் விதித்திருக்கும் ஆசார முறையை முதலில் அறிய வேண்டும். கரிசல் காட்டில் கிணறு என்று ஒன்று இருந்தால் அதில் பெரும்பாலும் உப்புத் தண்ணீரே ஊறும். நல்ல தண்ணீர் கிடைக்கும் இடம் ஊருக்கு ஒன்றோ இரண்டோ. அங்கிருந்து இடுப்பில் ஏறி வந்த நல்ல தண்ணீர் குடிப்பதற்கும் உலை வைப்பதற்கும் மட்டுமே உரியது. அரிசி களைந்த கழனித் தண்ணி பசுவுக்குப் பாத்தியம். அதில் பிறர் கைவைப்பது ஏறக்குறைய பாவம். குளித்த தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் போகும். இத்தனை பேருக்கும் போக, எவரும் உரிமை கொண்டாடாத பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒன்றுதான் பூவுக்கு வாய்த்தது. புதிதாக வந்த மருமகள் ஒருத்தி, வாடிய செவ்வந்தியைப் பார்க்கச் சகியாமல், குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு ஊற்றிவிட்டால், “குடிக்கத் தண்ணிக்குக் கெணத்தடில சண்டை போட்டுக்கிட்டு நிக்காக, ஒனக்குப் பூவுக்கு நல்ல தண்ணி கேக்குதோ தாயி?” என்று திண்ணையிலிருந்து மாமியாரின் குரல் வரும். சப்தப் பிரமாணம் என்று தர்க்க சாஸ்திரிகள் சொல்வது இதைத்தான்.

இவ்விடத்தில் ரஸாயன சம்பந்தமான ஓர் உண்மையைக் கொஞ்சம் நின்று சொல்வது அவசியம். முன்காலத்தில் பாத்திரம் விளக்க அடுப்புச் சாம்பலும், குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையும், ஒரு பிடி தேங்காய் நாரும் மட்டுமே உபயோகமாயின. சாம்பலில் பொட்டாஷ் சத்து உண்டு; புளிப்பு அந்தச் சாம்பலின் காரத்தை ஓரளவு தணித்தது; மிச்சம் மீதிச் சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் மட்கி எருவாயின. எவரும் திட்டமிடாமலே, தினம் மூன்று வேளை, செடிகளுக்கு உரமும் நீரும் ஒருங்கே கிடைத்து வந்தன. இப்பொழுது சாம்பலின் ஸ்தானத்தில் சோப்புக் கட்டியும் திரவமும் வந்து அமர்ந்துவிட்டன. இவற்றில் பெரும்பாலானவற்றில் உள்ள சோடியம், களிமண்ணின் சேர்க்கையைக் குலைத்து அதைத் தண்ணீர் இறங்காத கட்டாந்தரையாக்கக் கூடியது. கரிசலோ இயல்பாகவே சுண்ணாம்பும் காரமும் மிகுந்த மண். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும் கனகாம்பரத்தைப் பார்த்து ‘கண்ணேறு பட்டுவிட்டது’ என்று சொல்லும் பெரியவர்கள், கண்ணேறு இக்காலத்தில் எலுமிச்சை வாசனையுடன் கடையில் விற்கிறது என்பதைக் கவனிக்கவில்லை.

இனிக் காலத்தைப் பற்றி. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்று நிகண்டு கற்றவர்கள் கூறுவர். இடைசெவலில் நின்று வானத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் துணியார். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இப்புறம் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. குற்றாலத்தில் சாரல் அடித்து முடிந்த மேகாத்து, தன் ஈரத்தையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு, வெறும் வேகத்தையும் புழுதியையும் மட்டும் சுமந்துகொண்டு இங்கே வந்து சேரும். ஆவணிக் கடைசியில் கொல்லையைப் பார்த்தால், மண் முழங்கை இறங்கும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கரிசலில் உள்ள களி, ஈரம் பட்டால் உப்பவும் காய்ந்தால் சுருங்கவும் செய்யும் இனத்தைச் சேர்ந்தது. சுருங்கும்போது அது செடியின் வேரையும் கேட்டுக்கொண்டு சுருங்குவதில்லை, அறுத்துவிட்டே சுருங்குகிறது. செம்மண் பூமியிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த ரோஜா இங்கே இரண்டாம் கோடையைக் காண்பது அபூர்வம் என்பதன் ரகசியங்களில் இதுவும் ஒன்று. அங்கணத் தண்ணீரை ஒரு குடம் சரித்தால், அது செடியின் அடிக்குப் போவதுபோல் பாவனை செய்து, இரண்டு முழம் தள்ளியிருக்கும் வெடிப்பில் மளமளவென்று இறங்கி மறைந்துவிடும். ஆகவே இப்பருவத்தில் தோட்ட வேலை என்பது தண்ணீர் ஊற்றுவதன்று, வெடிப்பை மூடுவது. களைக்கொத்தியால் மேல்மண்ணைப் பொடியாகக் கொத்திவிட்டு, அந்தப் புழுதியையே வெடிப்பில் தள்ளிப் போர்வையாகப் பரப்பினால், அடியில் இருக்கும் கொஞ்ச நஞ்ச ஈரம் மேலே ஏறி ஆவியாகாமல் நிற்கும். கோவில்பட்டியில் 1901 முதல் இருந்து வரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் பருத்திக்கும் சோளத்துக்கும் மானாவாரி முறைகளை வகுத்துக்கொண்டிருந்த காலத்தில், புறவாசல் பெண்கள் அதே சித்தாந்தத்தைக் கனகாம்பரத்துக்குக் காலாலேயே மிதித்து நிரூபித்து வந்தார்கள்.

ரோஜா வராத மண்ணில் வேறு சில வந்திருக்கின்றன என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அதாவது வெடிப்பு மிகவும் அகன்றிருக்கும் ஆவணி புரட்டாசிச் சந்தியில், இந்த ஒரே ஊரில் எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்தார்கள், இருவருமே சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார்கள். இதற்கும் அங்கணத்துக்கும் சம்பந்தம் உண்டா என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது.

கர்த்தா யார் என்ற விசாரணையில் ஆட்டின் கட்சியை முதலில் கேட்டுவிடுவது நல்லது, ஏனெனில் வேலி இல்லாத கொல்லையில் அது எப்படியும் முதலில் வந்துவிடும். ஆவணியில் காட்டில் பசுமை என்று சொல்ல எதுவும் இராதபடியால், ஊரில் உள்ள வெள்ளாடுகளுக்கெல்லாம் அங்கணத் தோட்டம் ஒன்றே அன்னசத்திரம். செம்பருத்தியை அவை குச்சியாக்கிவிடும். அரளியை முகர்ந்துவிட்டு, தன் ஆயுளில் அக்கறையுள்ள பிராணிக்குரிய விவேகத்துடன் விலகிப் போகும். நித்தியகல்யாணியைத் திரும்பியும் பாராது. அந்த நித்தியகல்யாணியின் கசப்புச் சத்திலிருந்துதான் 1950-களின் பிற்பகுதியில் கனடா நாட்டு அறிஞர்கள் புற்றுநோய்க்கான மருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். டார்வின் 1859-இல் வெளியிட்ட சித்தாந்தத்தில் இயற்கை செய்யும் தேர்வை, இங்கே ஆடு செய்கிறது. ஆயினும் எது மிஞ்ச வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் ஆற்றல் ஆட்டுக்கு உண்டே தவிர, எதையும் முளைக்கச் செய்யும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆதலால் அதன் கட்சி தள்ளப்படுகிறது.

அடுத்து மழையின் கட்சி. பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்வது புரட்டாசியின் குணம் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் காய்தலுக்கும் பெய்தலுக்கும் இடைப்பட்ட நாட்களே புறவாசலில் அதிக வேலையுள்ள நாட்கள். செவ்வந்தியின் தாய்ச்செடியைச் சுற்றி வந்திருக்கும் பக்கக்கன்றுகளை ஆடியிலேயே பிரித்து நட்டவர்கள், நுனி கிள்ளுவதைப் புரட்டாசி பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன்பின் கிள்ளினால் கிளைதான் பெருகும், பூ தை மாதத்துக்குத் தள்ளிப்போகும். பகல் குறைவதையும் இரவு நீள்வதையும் அளந்து மொட்டுவிடும் ஜாதியைச் சேர்ந்தது செவ்வந்தி. இப்படியொரு குணம் தாவரங்களுக்கு உண்டு என்பதை 1920-இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் புகையிலைச் செடியை வைத்து விளக்கினார்கள். இவ்வூர்ப் பகலோ ஆவணிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் சுமார் அரைமணி நேரமே குறைகிறது. அலுவலகத்தில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் குமாஸ்தாவுக்குத் தெரியாத அந்தச் சொற்ப வித்தியாசம் அங்கணத்துச் செவ்வந்திக்குத் தெரிகிறது.

பிறகு மழை வருகிறது. முதல் மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் புறவாசலில் செவியைத் தீட்டிக்கொண்டு நின்றால், ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் அங்கங்கே கேட்கும். கோடை முழுவதும் காய்ந்து விறைத்துக் கிடந்த கனகாம்பரக் காய்கள், ஈரம் பட்டதும் வெடித்து விதையைத் தெறிக்கவிடும் ஓசை அது. ஒரு விதை திண்ணையில் விழும், ஒன்று அம்மிக்கல்லில் விழும், ஒன்று நம் கன்னத்தில் சுருக்கென்று பட்டு நம்மையும் சாட்சியாக்கும். கிழங்காகப் பூமிக்குள் ஒளிந்திருந்த அந்திமந்தாரை சில நாட்களில் தலை நீட்டும். தம்பலப்பூச்சி சிவப்புப் பட்டாக ஊர்ந்துவரும். அதன் பின்னாலேயே கம்பளிப்பூச்சியும் வரும் என்பதால் அந்த ஆனந்தத்தை விஸ்தரிக்காமல் விடுகிறோம். இத்தனை ஆரவாரத்தையும் கண்டு மழையே கர்த்தா என்று முடிவு கட்டுவோர் உண்டு. அவர்கள் மூன்றாம் நாள் தோட்டத்துக்குள் ஒரு காலை வைத்துப் பார்க்கட்டும். அடைமழையில் உப்பிய கரிசல் தண்ணீரைக் கீழே விடாது. வேர் மூச்சு முட்டி, மேட்டுப்பாத்தியில் இல்லாத செவ்வந்தியெல்லாம் அழுகும். உள்ளே போனவர் இரண்டு காலிலும் தலைக்கு இரண்டு படி மண்ணோடு, நடை மாறித் திரும்பி வருவார். கோடையில் செடியைச் சாகாமல் காத்தது அங்கணம். மழை வந்தது, புகழை வாங்கிக்கொண்டது. இத்தகைய நிர்வாக முறை மற்ற இடங்களிலும் காணக் கிடைப்பதால் வியப்பதற்கில்லை.

பூசணியை மட்டும் இந்த விசாரணையில் விதிவிலக்காக ஏற்கிறோம். மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டையின் தலையில் செருக வேண்டிய பூவுக்காக, ஐப்பசியிலேயே எருக்குழி ஓரத்தில் விதை ஊன்றும் தீர்க்கதரிசனம் இவ்வூர்ப் பெண்களுக்கு உண்டு. கோலத்துக்குப் பறிப்பது அடியில் பிஞ்சு இல்லாத, காம்பு மெலிந்த ஆண் பூ. முதலில் பூப்பதும் பெரும்பாலும் அதுவே. கோலமும் குறையாது, கூட்டும் குறையாது.

விதையும் கன்றும் எவ்வழியே பரவுகின்றன என்பதைச் சொல்லாமல் இந்த ஆராய்ச்சி பூரணமாகாது. “மதினி, ஒரு கன்னு தாங்க” என்று கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது, களவாண்டு நட்டால்தான் துளிர்க்கும் என்பது சாஸ்திரம். ஆகவே கேட்கிறவள் கேட்காமல் வந்து நிற்பாள். கொடுக்கிறவள், அடுப்பில் பால் பொங்குகிறது என்று, பாலே இல்லாத வீட்டுக்குள் போய்ச் சிறிது நேரம் கழித்துத் திரும்புவாள். களவு சாங்கோபாங்கமாக நிறைவேறியிருக்கும். மகள் மறுவீடு போகும்போது மட்டும் இந்தச் சடங்கு தேவைப்படுவதில்லை. மிளகுபோல் கறுத்துச் சுருங்கிய அந்திமந்தாரை விதையை முந்தானையில் முடிந்து தாயே கொடுத்தனுப்புகிறாள். அந்திமந்தாரையின் சில வகைகளில் இலையின் பச்சையும் வெளுப்பும் தாய்ச்செடி வழியாக மட்டுமே சந்ததிக்கு இறங்குகிறது என்பதை 1909-இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் காரென்ஸ் வெளியிட்டார். அவர் கரிசல் பக்கம் வந்திருந்தால், செடியே தாய்வழியாகத்தான் இறங்குகிறது என்று சொல்லி அவருடைய சிரமத்தைக் குறைத்திருப்பார்கள்.

ஆகவே கர்த்தா அங்கணமே என்பது சித்தாந்தம். இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம்: இப்பொழுது அநேக வீடுகளில் அங்கணம் என்பதே இல்லை, தொட்டியிலிருந்து தண்ணீர் பிளாஸ்டிக் குழாய் வழியாக நேரே தெருவிலுள்ள சிமெண்டு வாறுகாலில் போய் விழுகிறது, பூச்செடிகள் மொட்டைமாடியில் தொட்டிகளுக்குள் ஏறிக்கொண்டன, நியமம் பொய்த்துவிட்டதே என்பர். பொய்க்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு தெருவில், இரண்டு வீடுகளுக்குப் பொதுவான இடத்தில், வாறுகாலின் சிமெண்டு வெடித்துத் தண்ணீர் கசியும் இடத்தில், யாரும் நடாத ஓர் அந்திமந்தாரை இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. அதன் பூ யாருக்குப் பாத்தியம் என்று இரு வீட்டாருக்கும் வழக்கு இருப்பதால், நாலு மணிக்கு அது மலருவதற்கு முன்பே, மூன்றரை மணிக்கே, முந்திக்கொண்டவர் மொட்டாகவே பறித்துக்கொண்டு போய்விடுகிறார். அது என்ன நிறத்தில் பூக்கும் என்பதற்கு இதுவரை பிரத்யட்சப் பிரமாணம் கிடைக்கவில்லை.