எட்டுக் காருக்குச் சமம் என் மாட்டு வண்டி

உக்காரு தம்பி. அந்த பெஞ்சு ஒரு பக்கம் ஆடும், சுவத்தோரமா உக்காரு. காலையிலேருந்து பாக்குறேன், ஜிஎஸ்டி ரோட்டையே மொறச்சிப் பாத்துக்கினு அட்டையில கோடு போடுற. நாலு கோடு நேரா, ஒண்ணு குறுக்கால. எங்க ஊட்டு பால்காரன் செவுத்துல போடுவானே, அதே கணக்கு. அவனாவது மாசம் பொறந்தா காசு வாங்குவான்.

பஸ்ஸுக்குன்னு தனி வழி வுடப் போறாங்க, அதுக்கு எந்த நெடுஞ்சாலை தோதுன்னு பாக்க வந்திருக்கேன்ற. நல்ல காரியம்தான். ஆனா நேத்து நாடாவைப் பிடிச்சி ரோட்டு அகலத்தை அளந்தியே, அப்பவே எனக்குச் சிரிப்பு வந்துடுச்சி. பொண்ணு பாக்கப் போனவன் வாசக்கதவை அளந்துட்டு வந்து, "அகலம் நல்லாருக்கு, முடிச்சிடலாம்"னானாம்.

அட்டையில இன்னா நம்பரு அது? காருன்னா ஒண்ணு. பைக்குன்னா அரை. பஸ்ஸு, லாரிக்கு மூணு. டிராக்டரு டிரெய்லரோட வந்தா நாலரை. மாட்டு வண்டிக்கு எட்டு! மெய்யாத்தான் சொல்றியா? கிராமத்து ரோட்டுக்கு 1990லயே புக்குல போட்டு வச்சிருக்காங்களா? அடப்பாவிகளா, எங்கிட்ட ஒருத்தன் சொல்லலியே! எங்க மாமனாரு வசதியான மாப்பிள்ளை வேணும்னு ஆறு மாசம் என்னை அலைய வுட்டாரு. எட்டு காருக்குச் சொந்தக்காரன் வாசல்ல நிக்கறது அந்த மனுசனுக்குத் தெரியாமப் போச்சு.

சரி, வெளையாட்டு இருக்கட்டும். அந்த நம்பரு எதைச் சொல்லுது? எந்த வண்டி எம்மாம் எடத்தை அடைக்குது, எவனை மறிக்குதுன்னு சொல்லுது. உள்ள எத்தினி பேரு கீறாங்கன்னு சொல்லல. அதோ போவுது பாரு, செங்கல்பட்டு பஸ்ஸு. படியில தொங்கறவனையும் சேத்தா அறுவது பேரு இருப்பான். அதுக்கு நீ மூணு போட்ட. பின்னாலயே மூணு காரு போச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒத்தை ஆளு, அதுலயும் ஒருத்தன் போன்ல பேசிக்கினு. அதுக்கும் மூணு. அறுவது பேரும் மூணு பேரும் உன் அட்டையில சரிக்குச் சரி. சாயந்திரம் நீ கூட்டிக் குடுத்தா உங்க பெரிய ஆபீசரு இன்னா எழுதுவாரு? "நெரிசல் சாஸ்தி, இன்னொரு லேன் போடு"ன்னு எழுதுவாரு. போடுவாங்க. அதுவும் ரொம்பிடும். மறுபடி உன்னை மாதிரி ஒரு புள்ளை அட்டையோட வரும், இந்தக் கடையில டீ குடிக்கும். டீக்கடைக்காரன் பொழச்சிக்குவான், போ.

உனக்கு பிரமோஷன் வேணும்னா நான் ஒரு வழி சொல்றேன், கேட்டுக்க. ஊடு வாசல் இல்லாத எடமா பாத்து தடம் போடு. கடையை இடிக்க வேணாம், கொடி பிடிக்க ஆள் வராது, வரைபடத்துல கோடு கயிறு கட்டினாப்புல நேரா வரும். நிறுத்தத்தை நட்ட நடு ரோட்டுல கட்டு, கண்ணாடி வச்சிக் கட்டு. ஏறத்தான் ஆள் இருக்காது. பஸ்ஸு சும்மா பறக்கும். "சராசரி வேகம் பிரமாதம்"னு அறிக்கையில எழுதிக்கலாம்.

சிரிக்காத. நான் பாக்காதவன் இல்ல. எம் பெரிய பொண்ணை ஹூப்ளியில குடுத்திருக்கேன். அங்க தார்வாடுக்குப் போறதுக்கு பஸ்ஸுக்கு மட்டும்னு ரோடு நடுவுல வழி வுட்டிருக்காங்க, இருவத்திரண்டு கிலோமீட்டரு கிட்ட வரும். 2018ல ஓட ஆரம்பிச்சுது. பஸ்ஸுக்குப் பேரு சிகரி, அவங்க பாஷையில மானாம். எனக்கு முட்டி போனதுலேருந்து பஸ் படின்னா பழனி மலை மாதிரி. அங்க படியே கெடையாது தம்பி. நிறுத்தத்துத் தரையும் பஸ்ஸுத் தரையும் ஒரே மட்டம், நம்ம ஊட்டுத் திண்ணையிலேருந்து நடைக்குள்ள போறாப்புல காலை வச்சிப் போனேன். டிக்கெட்டு வெளியவே வாங்கியாச்சு, கண்டக்டரு சில்லறைக்குக் கத்தல. நின்னு நின்னு போறது ஒண்ணு, நிக்காமப் போறது ஒண்ணு. நிக்கிறதைத் தாண்டி மத்தது போக நிறுத்தத்தாண்டை ஒதுங்கு வழி. தார்வாடுல பேடா வாங்கினு திரும்பி வந்தேன், பொட்டி பாதி காலியாதான் வந்துது, அது வேற கதை.

அங்க ஏன் ஆள் ஏறுறான்? ரெண்டு முனையிலயும் ஊரு. காலையில இந்தப் பக்கத்து ஆளு அந்தப் பக்கம் படிக்கப் போறான், அந்தப் பக்கத்து ஆளு இந்தப் பக்கம் வேலைக்கு வரான். ரோட்டு அகலம் அப்புறம்தான்.

தில்லியில நடந்தது தெரியுமில்ல? அம்பேத்கர் நகர்லேருந்து மூல்சந்த் வரைக்கும், ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. 2008ல பஸ்ஸுக்குத் தனி வழி வுட்டாங்க. பஸ்ஸு போச்சு, காரு நின்னுது. காருக்காரனுக்குப் பக்கத்துல பஸ்ஸு முந்திப் போறதைப் பாக்கப் பொறுக்குமா? கோர்ட்டுக்கே போனாங்க. 2012ல ஐகோர்ட்டு மனுவைத் தள்ளிடுச்சி. ஆனாலும் இன்னா, 2016ல ஒடச்சிப் போட்டாங்க. கோர்ட்டுல ஜெயிச்சி ரோட்டுல தோத்த கதை. அதனால உன் அட்டையில ஒரு பத்தி சேத்துக்க: "காருக்காரன் கத்தும்போது எந்த மந்திரி தாங்குவாரு?" அதுக்கு அளவு நாடா கெடையாது.

எம் பேரன் போன்ல இன்னொண்ணு காட்டினான், இஸ்தான்புல்லாம். பெரிய ஹைவேக்கு நடுவுலயே பஸ்ஸு ஓடுது, 2007லேருந்து. அந்த ஊர்ல எல்லா வண்டியும் வலப்பக்கமா போவுது, இது மட்டும் நம்மளாட்டம் இடப்பக்கமா போவுது! தண்ணி போட்டுட்டு ஓட்டுறானோன்னு கேட்டேன். இல்லியாம். நடுவுல எடம் கம்மி, ரெண்டு பக்கத்து பஸ்ஸுக்கும் சேத்து ஒரே மேடைதான். பஸ்ஸுக்குக் கதவு வலப்பக்கம். புதுசா கதவு வெட்டுறதுக்குப் பதிலா பஸ்ஸையே பக்கம் மாத்தி ஓட்டிட்டாங்க. புத்தியுள்ளவன்.

ஆனா நம்ம ரோட்டுக்கு வா. தாம்பரத்துலேருந்து செங்கல்பட்டு வரைக்கும் ரயிலு பக்கத்துலயே வருது. கிளாம்பாக்கத்துல 2023 கடைசியில பஸ் ஸ்டாண்டு தொறந்துட்டான். பொங்கலுக்கு முந்தின நாளு பரனூர் டோல்கேட்டுல வந்து நின்னு பாரு, எறும்பு கூட லேன் மாறாது. நீ எண்ண வந்திருக்கறது செவ்வாக்கெழமை. அன்னைக்கு எண்ண வேண்டியது வேற, இன்னிக்கு எண்ண வேண்டியது வேற. தினப்படி கம்பெனிக்குப் போற புள்ளைங்க, ஷிப்டு முடிஞ்சி ஷேர் ஆட்டோவுல ஒருத்தர் மடியில ஒருத்தரா வரதுங்க, அதுங்களை எந்தக் கட்டத்துல போட்டிருக்க? ஆட்டோன்னு ஒரு கோடு. உள்ள பதிமூணு பேரு.

இன்னொண்ணு. ரோடு ஒருத்தருது, பஸ்ஸு இன்னொருத்தருது, ஓரத்துக் கால்வா மூணாமத்தவருது. பங்காளிங்க மூணு பேரு ஒரு கெணத்துல எறைச்ச கதைதான். யாரு கவலையை ஓட்டுறதுன்னு முடிவாவறதுக்குள்ள பயிரு காஞ்சிடும்.

அதோ எதிர்ப்பக்கம் கீரைக்கூடையோட நிக்குதே, எங்க சின்னம்மா மவ. பத்து நிமிசமா நிக்குது. நடுச்சுவத்துல யாரோ ஒடச்சி வச்ச சந்து ஒண்ணு கீது, அது வழியாதான் வரணும். மேல நடைபாலம் கட்டினா கூடையோட எத்தினி படி ஏறும்? நீ நடுவுல நிறுத்தம் கட்டினா தெனமும் அத்தினி பேரும் அந்தப் பாதி ரோட்டைத் தாண்டணும்.

உன் அட்டையில அதுக்கு இன்னா நம்பரு? கட்டமே இல்லியா?

சரி, எழுந்திரு. போய் அந்தக் கூடையை வாங்கி, கையைப் பிடிச்சி இந்தப் பக்கம் கூட்டிக்கினு வா. கையில கடியாரம் கட்டிக்கினு கீறல்ல, எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாத்துக்க. டீக்காசை குடுத்துட்டுப் போ. எனக்கும் சேத்து.