துருக்கியில் என்னைச் சைவமாக்கிய கதை

அன்புள்ள அக்காவுக்கு,

துருக்கியிலிருந்து நான் வாட்ஸப்பில் அனுப்பிய அத்தனை போட்டோவுக்கும் சேர்த்து நீ ஒரே ஒரு கட்டைவிரல் அனுப்பியிருந்தாய். அம்மாவோ போட்டோ பக்கமே திரும்பவில்லை, "அங்க என்ன சாப்பிட்டானாம்?" என்று கேட்டதோடு சரி என்றாய். கேள்வி சின்னது, பதில் நீளம். அதனால்தான் கடிதம்.

முதலில் நான் துருக்கி போன கோஷ்டியில் எப்படிச் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் நான் இருக்கும் ஸ்டுட்கார்ட் பக்கம் துருக்கிக்காரர்கள் அதிகம். என் மேல்வீட்டு அம்மாளின் அப்பா 1960களில் இஸ்தான்புல்லில் ரயிலேறி, மூனிக் ஸ்டேஷனின் 11ஆம் பிளாட்பாரத்தில் இறங்கி, இங்கே ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். அந்த அம்மாளும் சில ஜெர்மன்காரர்களும் சேர்ந்து ஒரு கலாச்சாரக் குழு நடத்துகிறார்கள். கோடையில் துருக்கிக்குப் போவார்கள், அங்கே வீடுகளில் தங்குவார்கள், ஆடிப் பாடுவார்கள், மேயரோடு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். இந்த முறை கிளம்பும் நேரத்தில் ஒருவருக்கு முழங்கால் ஆபரேஷன். காலியான சீட்டுக்கு, மாடிப்படியில் எதிரே வந்த நான் கிடைத்தேன். "இந்தியாவும் இருந்தா பேனர் நல்லா இருக்கும்" என்றார் அந்த அம்மாள்.

இந்தியா முழுவதையும் ஒருவன் தலையில் கட்டினால் எப்படி? எனக்கு ஒழுங்காகத் தெரிந்த இந்தியா ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் முடிந்துவிடுகிறது. தாஜ் மஹாலை நான் பார்த்ததே கிடையாது. கோஷ்டியில் இரண்டு ஜெர்மன்காரர்கள் பார்த்திருந்தார்கள். போகிற இடமெல்லாம் தாஜ் மஹால் பற்றிக் கேட்டவர்களை அவர்களிடம் அனுப்பிவைத்தேன்.

விண்ணப்பப் படிவத்தையும் மேல்வீட்டு அம்மாளே நிரப்பினார். உணவு என்ற இடத்தில், இந்தியன் ஆயிற்றே என்ற நல்ல மனசில், 'சைவம்' என்று எழுதிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கறிக்கடையில் முதல் ஆளாக நிற்கும் குடும்பத்துக்கு வந்த சோதனையைப் பார். இது எனக்குத் தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது.

இஸ்தான்புல்லைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஹாகியா சோபியா 537இல் கட்டி முடித்தது. முதலில் தேவாலயம், 1453க்குப் பிறகு மசூதி, நடுவில் மியூசியம், 2020இலிருந்து மறுபடி மசூதி. அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. யூடியூபில் என்னைவிட நன்றாகக் காட்டுகிறார்கள்.

அங்கிருந்து எஸ்கிசெஹிருக்கு பஸ். இதைச் சொல்லியே ஆகவேண்டும். பஸ் புறப்பட்டதும் ஒரு பையன் வந்து கையை நீட்டச் சொன்னான். டிக்கெட்டுக்கென்று நினைத்து எடுத்து நீட்டினேன். அவன் என் உள்ளங்கையில் எலுமிச்சை வாசனைத் தண்ணீரை ஊற்றினான். கொலோன்யா என்று பெயர். கையில் தேய்த்து முகத்தில் ஒற்றிக்கொள்ள வேண்டும். நம்ம ஊரில் கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறார்களே, அந்த மரியாதை அங்கே பஸ் ஏறினவனுக்கெல்லாம் உண்டு. பின்னாலேயே டீ, கேக். பூந்தமல்லி பஸ்ஸில் படியில் தொங்கிப் படித்தவன் நான். பாதி தூரம் வரை இதற்குத் தனியாகக் காசு கேட்பார்களோ என்ற பயத்திலேயே வந்தேன்.

எஸ்கிசெஹிரில் நான் தங்கிய வீடு ஒரு ரிட்டையர்டு தாத்தா, பாட்டி, பேரன். வாசலில் செருப்பை விட்டால், உள்ளே போட்டுக்கொள்ள வேறு செருப்பு தருகிறார்கள். கொலோன்யா மறுபடியும். உட்கார்ந்ததும் விசாரணை. அப்பா என்ன செய்தார், அக்கா எத்தனை பேர், சொந்த வீடா, உனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஜெர்மனியில் இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. இங்கே என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், பாஸ்போர்ட்டில் அதுதான் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. துருக்கியில் 1934இல் சட்டம் போட்ட பிறகுதான் எல்லாருக்கும் குடும்பப் பெயர் வந்ததாம். இன்றைக்கும் சொந்தப் பெயரோடு ஒரு மரியாதைச் சொல் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். ரொம்ப நாள் கழித்து என் பெயரைக் காதால் கேட்டேன்.

கல்யாணப் பேச்சு வந்ததும் பாட்டி ஒரு விஷயம் சொன்னார். அங்கே பெண் கேட்டுப் போனால், பெண் காபி போட்டுக் கொடுப்பாளாம். மாப்பிள்ளைக் கோப்பையில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் உப்பு. முகம் சுளிக்காமல் குடித்து முடித்தால் பையன் தேறுவான் என்று அர்த்தம். உன்னைப் பார்க்க வந்த அன்று நீ போட்ட கேசரியைப் பற்றி மாமா இன்றைக்கு வரை வாய் திறக்கவில்லையே, அவரைத் துருக்கியில் கட்டித் தழுவிக்கொள்வார்கள்.

ராத்திரி சாப்பாடு. மேசையில் எனக்கு முன்னால் கத்தரிக்காய், துவரை நிறத்தில் ஒரு பருப்பு சூப், ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த பீன்ஸ், தயிர். மற்றவர்கள் முன்னால் கைமா வைத்துப் பொரித்த சி-போரெக். கிரிமியாவிலிருந்து வந்து குடியேறிய தாத்தார் இனத்தவர் கொண்டுவந்த பலகாரம், அந்த ஊரின் பெருமையே அதுதான். நான் தட்டைப் பார்த்தேன், பாட்டி என்னைப் பார்த்தார். "உனக்கென்று தனிப் பாத்திரத்தில் செய்தேன், ஒரு துளி இறைச்சி படவில்லை" என்று பேரன் போனில் மொழிபெயர்த்தான். அவர் மார்பில் கைவைத்துச் சொன்ன விதத்தில், "நானும் கறி சாப்பிடுவேன் பாட்டி" என்ற வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கத்தரிக்காயை எத்தனை விதமாகச் செய்யலாம் என்று பந்தயம் வைத்தால் நாம் தோற்போம் அக்கா. அடைத்து, சுட்டு, பொரித்து, தயிரில் போட்டு... எல்லாமே ருசி. ஆனால் பக்கத்துத் தட்டிலிருந்து வாசனை வந்துகொண்டே இருந்ததே!

போதும் என்று சொல்வதும் அங்கே சுலபமில்லை. நாம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறோமே, அது அங்கே 'புரியவில்லை' என்று அர்த்தம். வேண்டாம் என்றால் புருவத்தைத் தூக்கி, நாக்கால் 'ட்ச்' கொட்ட வேண்டும். அதை ஒரு பாட்டியிடம் செய்ய எனக்கு மனசு வரவில்லை, நம்ம வீட்டில் செய்திருந்தால் அம்மா கரண்டியாலேயே போட்டிருப்பாள். ஆக, நான் தலையை ஆட்டினேன். பாட்டி, பையனுக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று, அதையே இன்னும் சத்தமாகச் சொல்லி, இன்னொரு கரண்டி வைத்தார். மேயருக்குப் பரிசாக நான் எடுத்துப் போயிருந்தது தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. அவரைப் பார்க்கப் போனபோது அதை அவர் மேசையில் வைத்துத் தட்டிவிட்டதும் சபையே என்னையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தது. அன்றோடு ஊருக்குள் என் தலையாட்டலுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

தாத்தா என் ஊர் எது என்று கேட்டார். சேக்காடு என்றேன், பேச்சு நகரவில்லை. ஆவடி என்றதும் எழுந்து நின்று பாட ஆரம்பித்துவிட்டார். அவர் காதில் விழுந்தது 'ஆவாரா'. ராஜ் கபூரின் அந்தப் படம் 1950களில் துருக்கியைக் கலக்கியிருக்கிறது. 1964இல் சத்ரி அலிஷிக்கை வைத்து அவர்களே ஒருமுறை எடுத்தும் விட்டார்கள். 1955இல் காங்கிரஸ் மாநாடு நடந்த, நேரு வந்த ஆவடி என்று நானும் எடுத்துச் சொன்னேன். ராஜ் கபூர் முன்னால் நேருவால் நிற்க முடியவில்லை. தெருவில் எல்லாரிடமும் 'ராஜ் கபூர் ஊர்ப் பையன்' என்றே என்னை அறிமுகப்படுத்தினார். பேரனுக்கோ ஆமிர் கான்தான் எல்லாம். '3 இடியட்ஸ்' மனப்பாடம். அதற்குத் தமிழில் எங்கள் விஜய் நடித்த 'நண்பன்' இருக்கிறது என்று போனில் காட்டினேன். இலியானா இடுப்பு பாட்டு வந்ததும் பாட்டி உள்ளே வர, போனைத் திருப்பி வைத்தோம்.

இனி வருவது மாமாவுக்கு, படித்துக் காட்டு. தாத்தா வேலை பார்த்தது அந்த ஊர் ரயில்வே பட்டறையில். 1961இல் ஜெனரல் ஜெமால் குர்செல், நாமே ஒரு கார் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார். கார் செய்து பழக்கமே இல்லாத ரயில்வே என்ஜினியர்கள் அந்தப் பட்டறையில் உட்கார்ந்து, நாலரை மாதத்தில் நாலு கார் செய்துவிட்டார்கள். பெயர் 'தெவ்ரிம்', புரட்சி என்று பொருள். அக்டோபர் 29, குடியரசு தினம். காரை அங்காராவுக்கு ரயிலில் ஏற்றினார்கள். தீப்பிடிக்கக் கூடாது என்று டாங்கியைக் காலி செய்துதான் ஏற்றினார்கள். குர்செல் அப்போது ஜனாதிபதி. கம்பீரமாக ஏறி உட்கார்ந்தார். சுமார் நூறு மீட்டர் ஓடிப் புரட்சி நின்றுபோயிற்று. பெட்ரோல் இல்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு தெவ்ரிமில் ஏறிப் போனார், அது நன்றாகவே ஓடியது. ஆனால் மறுநாள் பேப்பரில் ஓடிய காருக்கு இடமில்லை, நின்ற கார்தான் செய்தி. திட்டமும் அதோடு போயிற்று.

மிச்சமான ஒரு காரை எஸ்கிசெஹிரில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். தாத்தா அதன் முன்னால் என்னை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். மறுநாள் என்றேனே, அது 1961 அக்டோபர் 30. அன்றைக்குத்தான் துருக்கியும் மேற்கு ஜெர்மனியும் ஆட்களை வேலைக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. சொந்தக் கார் நின்றுபோன கையோடு, அடுத்தவர் கார் செய்ய ஆட்கள் ரயிலேறினார்கள், என் மேல்வீட்டு அம்மாளின் அப்பா உட்பட. அம்பத்தூர் எஸ்டேட்டில் பயிற்சி எடுத்துக்கொண்டு ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த நான் இதில் தனியாக என்ன சொல்ல? 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தபோது நம்ம ஆவடி பேக்டரியில் டீசல் பார்த்துத்தான் ஊற்றினார்கள் என்று மாமா சார்பில் நான் தாத்தாவுக்கு உறுதி கொடுத்திருக்கிறேன். மாமா காலை வாரிவிடாமல் இருக்கட்டும்.

முல்லா நஸ்ருதீன் பிறந்ததும் எஸ்கிசெஹிர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில்தானாம். சமாதி அக்ஷெஹிரில். சுற்றிலும் திறந்தே கிடக்க, முன்வாசலில் மட்டும் பெரிய பூட்டு தொங்கும் என்கிறார்கள். சின்னவனிடம் சொல், நாங்கள் போகவில்லை.

கடைசி வாரம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல்யாணம். வாசலில் தாவுலும் ஸுர்னாவும் கிழித்துக்கொண்டிருந்தன. தாவுல்காரர் ஒரு பக்கம் தடித்த கோலாலும் மறுபக்கம் மெல்லிய குச்சியாலும் அடிக்கிறார். ஸுர்னாக்காரர் மூச்சே விடாமல் ஊதுகிறார், நம்ம நாதஸ்வரக்காரர் பார்த்தால் சீவாளியைச் சரி பார்ப்பார். மொய் உண்டு. நோட்டில் எழுதுவதில்லை, மைக்கில் அறிவித்துவிட்டு, தங்கக் காசை மணமக்கள் மேல் குத்துகிறார்கள். யார் குறைவாக வைத்தார் என்று அடுத்த ஊருக்கே கேட்கும்.

ஹலாய் ஆட்டத்தில் வரிசையாக நின்று சுண்டுவிரலைச் சுண்டுவிரலில் கோத்துக்கொள்கிறார்கள். முதலில் நிற்பவர் கையில் கைக்குட்டை. இந்தியா ஒன்று ஆடவேண்டும் என்று கத்தினார்கள், எதிர்பார்த்தது பாலிவுட். எனக்குத் தெரிந்த ஒரே ஆட்டம் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பழகிய ஒயிலாட்டம், அதிலும் முதல் நாலு அடிதான் நினைவில் இருந்தது. இரண்டு கையிலும் கைக்குட்டை வாங்கிக்கொண்டு அந்த நாலையே திரும்பத் திரும்ப வீசினேன். தாவுல்காரர் இரண்டாவது சுற்றில் கணக்கைப் பிடித்துவிட்டார். மூன்றாவதில் கிராமமே பின்னால் ஆடியது. எந்தக் காலால் ஆரம்பிப்பது என்பதில் மட்டும் தகராறு. ஜெர்மன்காரர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

ஆடிக் களைத்து உட்கார்ந்தபோது ஒரு பெரியவர் என் தட்டில் கெஷ்கெக் போட்டார். கோதுமையும் ஆட்டுக்கறியும் ராத்திரி முழுக்க வெந்து, மேளச் சத்தத்துக்கு உலக்கையால் இடித்தது. ரம்ஜானுக்கு நாம் வாங்கும் ஹலீமுக்கு அண்ணன் முறை. யாருக்கு என் படிவம் தெரியும்? தின்றேன். இரண்டாவது தட்டு வழித்துக்கொண்டிருக்கும்போது பாட்டி பார்த்துவிட்டார். முகம் வெளுத்துப்போய், என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர். நான் போட்ட சாப்பாடு பத்தாமல் பிள்ளை மதத்தையே விட்டுவிட்டானே என்று புலம்புகிறாராம். பேரன் மொழிபெயர்க்க, நான் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னேன். பாட்டி நிதானமாகக் கேட்டார். பிறகு மேல்வீட்டு அம்மாளைத் தேடிப் போனார். அங்கே நடந்ததைப் பேரன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் காரமான சுஜுக் தொத்திறைச்சி போட்டு முட்டை. பதினோரு மணிக்கு சி-போரெக். மத்தியானம் கபாப், சாயங்காலம் கபாப். விட்டதையெல்லாம் வட்டியோடு பிடிப்பது என்று இருந்தார். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, கொஞ்சம் கத்தரிக்காய் கிடைக்குமா என்று நானே கேட்டேன்.

அங்கிருந்து கோன்யாவுக்கு வேக ரயில், மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம். 1273இல் மறைந்த ரூமியின் சமாதி அங்கேதான். சுழன்று ஆடுகிறவர்கள் அணியும் உயரத் தொப்பி கல்லறைக்கல்லைக் குறிக்குமாம், வெள்ளை அங்கி பிணத்துக்குப் போர்த்தும் கபன் துணியை. இவர்களின் மடங்களை 1925இல் அரசு சட்டம் போட்டு மூடியது, ரூமியின் மடத்தை மியூசியமாக்கிக் காத்ததும் அதே அரசுதான். ஆட்டம் முடிந்ததும் கைதட்டக் கூடாது. எங்கள் கோஷ்டியில் ஒருவர் தட்டினார். ஆட்களை விடு, தூண் கூடத் திரும்பிப் பார்த்தது.

எஸ்கிசெஹிரில் எங்களை வழியனுப்பியபோது, பாட்டி வண்டிக்குப் பின்னால் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினார். தண்ணீராகப் போய்த் தண்ணீராகத் திரும்பி வர வேண்டுமாம். மழைக்கு நம்ம ஊர் சப்வேயில் நிற்கும் தண்ணீர் போகவும் விடாது வரவும் விடாது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. உனக்கு நீலக் கண் மணி ஒன்று கொடுத்திருக்கிறார், வாசலில் திருஷ்டிக்குக் கட்ட. பூசணிக்காய்க்குப் பக்கத்திலேயே கட்டு, இரண்டும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். கலாச்சாரப் பரிமாற்றம் என்றால் நாம் மட்டும் போய்த் தின்றுவிட்டு வருவதில்லையாம். தாத்தாவும் பாட்டியும் பேரனும் பொங்கலுக்கு நம்ம வீட்டுக்கு வருகிறார்கள். டிக்கெட் போட்டாயிற்று. பாத்ரூம் தாழ்ப்பாளைச் சரிசெய். மொட்டைமாடி ரூமிலிருந்து மாமாவின் பழைய ஸ்கூட்டர் பாகங்களைக் கீழே இறக்கு, அல்லது அப்படியே விடு, தாத்தா பார்த்து மகிழ்வார். அவர்கள் டீயில் பால் விட மாட்டார்கள், சின்னக் கண்ணாடி டம்ளரில் கறுப்பாகக் குடிப்பார்கள், குடித்துக்கொண்டே இருப்பார்கள். அம்மாவிடம் இப்போதே சொல்லிவை. அவர்கள் எதிரிலேயே என்னைப் பக்கத்து வீட்டுக்குப் பால் கடன் வாங்க அனுப்பிவிடப் போகிறாள்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி