வலிக்காமல் விழுந்த பற்கள்

எழுபதுகளில் சேலையூரில் எங்கள் கிணற்றடியில் காலையில் எல்லோரும் துப்புவது சிவப்பாகத்தான் இருக்கும். பல்பொடியே ரோஸ் கலர். அதில் ரத்தம் கலந்திருந்தாலும் யாருக்குத் தெரியும்? தெரிந்தாலும் "சூட்டு உடம்பு, மோர் குடி" என்பாள் பாட்டி.

அப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டியதும் கீழ்வரிசை முன்பற்கள் ஆடத் தொடங்கின. சொத்தை கிடையாது. முழுப் பல்லாக, வேரோடு கையில் வந்தன. தெருவில் அதற்குப் பயோரியா என்று பேர். வயதானால் நரை, பயோரியா, பல்செட்டு என்று வரிசையாக வரும் என்பதே அன்றைய நம்பிக்கை. பல் டாக்டரைப் பார்ப்பதென்றால் தாம்பரத்தில் மின்சார ரயிலேறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, எதிரே அரசு பல் மருத்துவமனையில் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நாள் லீவு போய்விடும். அதனால் பல் ஆடி, சீழ் வைத்து, தாங்க முடியாமல் போன பிறகுதான் அப்பா போனார். பிடுங்கிவிட்டு வந்தார்.

இன்று சேலையூரிலிருந்து மேடவாக்கம் போகும் சாலையில் மருந்துக் கடைக்குப் பக்கத்திலெல்லாம் பல் கிளினிக். பள்ளிக்கரணையிலும் ரத்தினமங்கலத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. ஆனாலும் ஆடிய பிறகுதான் போகிறோம்.

என் அக்காவை அப்படித்தான் ஒரு கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

"ஈறுல ரத்தம் வருமாம்மா?" என்று கேட்டாள் பயிற்சி டாக்டர்.

"பல் தேய்க்கிறப்போ மட்டும் வரும்மா. அதனால அந்தப் பக்கம் தேய்க்கிறதில்ல."

கறுப்புக் கோடுகள் போட்ட மெல்லிய கம்பியொன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, "மூணு, மூணு, ஆறு" என்று சொல்லச் சொல்ல இன்னொருத்தி எழுதிக்கொண்டாள். 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லை. 6 என்றால் உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்திருக்கிறது என்று பொருள். அக்காவுக்கு ஒரு நாளும் வலித்ததில்லை. இந்த நோயின் கொடுமையே அதுதான்.

பல்லின் மேல் படியும் கிருமிப் படலம் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கல்லாக இறுகுகிறது. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் நாக்கை வைத்தால் சொரசொரவென்று தட்டுப்படும். ஈறு வீங்கி ரத்தம் கசியும் கட்டத்திலேயே சுத்தம் செய்தால் பழையபடி ஆகிவிடும். எலும்பு கரைந்துவிட்டால் தானாக வளராது, மேற்கொண்டு கரையாமல் நிறுத்தத்தான் பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தம் குறைவாக வரும் என்பதால் நோய் இன்னும் ஒளிந்துகொள்கிறது.

"க்ளீன் பண்ணா பல்லு ஆடுமாமே?" அக்கா பயந்தாள். கல் அடைத்துக்கொண்டிருந்த இடைவெளிதான் எடுத்தபின் தெரிகிறது. ஆட்டம் முன்பே இருந்தது என்று பொறுமையாக விளக்கினார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரை சுரண்டினார்கள். பல்லிடுக்கில் நுழையும் குட்டி பிரஷ் கொடுத்தார்கள். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. 6 இருந்த இடத்தில் 4.

அக்காவுக்குச் சர்க்கரை வேறு. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு புண்ணானால் சர்க்கரை அடங்க மறுக்கும். பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறாள்; பாதத்தைப் பார்த்திருக்கிறார்கள், கண்ணைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தடவையாவது வாயைத் திறக்கச் சொல்லியிருந்தால் அந்த 6 அன்றைக்கே தெரிந்திருக்கும்.