எதிரி வாயால் புகழ்

கணினியில் போர்விமானம் ஓட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் சிமுலேட்டர்காரர்கள். 'டிசிஎஸ் வேர்ல்டு' போன்றவற்றில் நூற்றுக்கணக்கான பக்கங்களுள்ள கையேட்டைப் படித்து, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ஏ-10 விமானத்தைக் கிளப்பவே பல நிமிடம் செலவழித்து, கடைசியில் ஓடுபாதைக்குப் போகிற வழியிலேயே புல்தரையில் இறங்கிவிடுவார்கள். நம்மவர் அந்த வகை அல்ல, இரண்டாவது வகை. அவர் ஆடுவது ஜப்பானின் பண்டாய் நாம்கோ 2019-இல் வெளியிட்ட 'ஏஸ் காம்பாட் 7'. கையில் கேம்பேட், காதில் ஹெட்செட், பக்கத்தில் மிக்சர் கிண்ணம். வாலைத் துரத்தி ஏவுகணை வந்துகொண்டிருக்கும்போது கூரியர்காரர் மணியடித்தால், ஒரு பொத்தானை அழுத்திப் போரை நிறுத்திவிட்டு, போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். ஐ.நா. சபைக்கு இன்னும் கைவராத வித்தை அது.

இவருக்கு விமானப் பைத்தியம் என்று வீட்டார் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விமானம் ஓட்டுவதில் உள்ள கஷ்டம் எதுவும் இந்த ஆட்டத்தில் கிடையாதே! நிஜ எஃப்-22 தன் உள்ளறைகளில் சுமப்பது 8 ஏவுகணைகள். நம்மவருடைய எஃப்-22 டஜன் கணக்கில் சுமக்கிறது. இரண்டை விட்டால் சில நொடிகளில் அதே இடத்தில் இன்னும் இரண்டு முளைக்கின்றன. நிஜத்தில் 9 ஜி வேகத்திருப்பத்தில் 70 கிலோ ஆள் 630 கிலோவாகக் கனப்பார். ரத்தம் தலையை விட்டு இறங்கிவிடாதபடி காலையும் வயிற்றையும் பிடித்து நெருக்கும் உடுப்பு வேண்டும், தசைகளை முறுக்கி மூச்சை அடக்கும் பயிற்சி வேண்டும். நம்மவர் அதைவிட மோசமாகத் திரும்புவார், மிக்சர்கூடச் சிந்தாது. எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்ற கவலையும் இல்லை. இப்படி விமானத்தின் தொல்லைகளையெல்லாம் கழித்துவிட்ட பிறகு ஆட்டத்தில் மிஞ்சுவது என்ன என்று பார்த்தால், வானொலியில் வரும் பேச்சுதான் மிஞ்சுகிறது. நம்மவருக்கு வேண்டியதும் அதுதான்.

இந்த ஆட்டத்தின் நாயகன் 'ட்ரிகர்' கதை முழுவதும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மற்ற எல்லாரும் அவனைப் பற்றியே பேசுகிறார்கள். கூட வருகிறவன் வியக்கிறான், கட்டுப்பாட்டு அதிகாரி வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொள்கிறார், எதிரி அலறுகிறான். முன்னாள் அதிபரைக் கொன்றதாகப் பழி சுமத்தி அவனைக் கைதிகளின் படைப்பிரிவுக்கு அனுப்புகிறார்கள். விமானத்தின் வாலில் குற்றக்கோடு மூன்று போடுகிறார்கள். பின்னால் அந்த மூன்று கோட்டைக் கண்டாலே எதிரிப்படை கலங்குகிறது. தண்டனையே பட்டயமாகிவிட்டது! ஜெயிப்பதைவிட, தோற்கிறவன் வாயால் தன் பெருமையைக் கேட்பதில் இருக்கிற சுகம் தனி. நம் பழம்புலவர்களுக்கு இது தெரியும். வென்றது சோழன் படை. பாட்டுக்குப் பெயர் கலிங்கத்துப்பரணி. தோற்றவர் பெயரால் பரணி பாடுவது மரபு. நம்மவர் சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்து கேட்பதும் ஒரு பரணிதான், சப்டைட்டிலோடு.

வானம், மேகம், வேகம் இவற்றின் அழகுக்காக ஆடுகிறவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இந்த ஆட்டத்தில் மேகம் அற்புதம்தான். உள்ளே அதிக நேரம் இருந்தால் விமானத்தில் பனிகூடப் படியும். ஆனால் நம்மவரின் நடத்தை வேறு கதை சொல்கிறது. இதே ஆட்டத்தில் 8 பேர்வரை இணையத்தில் மோதிக்கொள்ளும் பகுதி இருக்கிறது. அதே வானம், அதே விமானம், எதிரே நிஜ மனிதர்கள். நம்மவர் அங்கே எட்டிப் பார்ப்பார், யாரோ ஒரு பொடியன் அவரைத் திரும்பத் திரும்ப வீழ்த்துவான், வீழ்த்திவிட்டு ஒரு பாராட்டும் சொல்லமாட்டான். உடனே 'கனெக்‌ஷன் சரியில்லை' என்று எழுந்து, ஏற்கெனவே முடித்த கதைப்பகுதிக்கே திரும்பிவிடுவார். அங்கே கனெக்‌ஷன் என்றும் சரியாகவே இருக்கும். இன்னொன்று: கதையில் எதிரிகளில் பல ஆளில்லா விமானங்கள். அவற்றைச் சுடும்போது நம்மவர் முகத்தில் ஒரு சலிப்பு தெரியும். இயந்திரம் புலம்பாது அல்லவா? மிஹாய் என்ற கிழட்டு எதிரி விமானி வந்து இவர் பறக்கும் அழகை வியந்து பேசும்போதுதான் நிமிர்ந்து உட்காருவார். முடிந்ததும் 'ரீப்ளே' போட்டுத் தன்னையே வெளியிலிருந்து பார்ப்பார். வானத்தை ரசிக்கிறவர் எதற்குத் தன் வாலை ரசிக்க வேண்டும்?

சிமுலேட்டர்காரர் இவரை ஏளனம் செய்வார். செய்யட்டும், ஆனால் தரையிலிருந்து இருவரும் எழுந்திருக்கும் உயரம் ஒன்றுதான். சொல்லப்போனால் நம்மவரிடம் ஒரு நேர்மை இருந்தது, தன்னை விமானி என்று சொல்லிக்கொண்டதில்லை, 2022-இல் 'டாப் கன்: மேவரிக்' வந்து, அதில் விமானங்கள் பள்ளத்தாக்கில் புகுந்து பறந்ததைப் பார்க்கும்வரை. அன்றிலிருந்து, "இதெல்லாம் நாம ஏற்கெனவே பண்ணினதுதான்" என்று தியேட்டர் வாசலிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ரஃபேல் பற்றிச் செய்தி வந்தால் கருத்தும் சொல்கிறார். இந்த ஆட்டம் யுத்தவெறியில் கொண்டுபோய் விடும் என்று பெரியவர்கள் பயப்படுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒசியா, எருசியா என்று எந்தப் பூகோளத்திலும் இல்லாத இரண்டு நாடுகள் அடித்துக்கொள்கிற சண்டை இது. அதிலும் எதிரி சாவதைவிட, சாகுமுன் இரண்டு வரி பேசுவதுதான் இவருக்கு முக்கியம். பொழுதெல்லாம் ஆபீஸில் உழைத்து, 'பார்க்கிறேன்' என்ற பதிலுக்கு மேல் எதுவும் கேட்காமல் வீடு திரும்புகிற மனிதர், காசு கொடுத்துக் கொஞ்சம் புகழை வாங்கிக்கொள்கிறார். இதில் வெறி எங்கே இருக்கிறது?

ஆகவே, இப்படி ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. 'இதனால் என்ன பிரயோஜனம்' என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டரை விற்றுவிடுவதாகவும் மிரட்டாதீர்கள். அடுத்த தடவை அவர் காய்கறி வாங்கிவந்தால், "அடேயப்பா, இவ்வளவு நல்ல கத்திரிக்காயை எங்கே பிடித்தீர்கள்?" என்று அவர் காதில் விழுகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். அன்று விமானம் கிளம்பக் கொஞ்சம் தாமதமாகும்.