மூன்று பேரில் கொழும்பு பார்ப்பது எப்படி

உடப்புசல்லாவையிலிருந்து ஓயாமல் கொழும்புக்குப் போய்க்கொண்டிருப்பது தேயிலைதான். தொழிற்சாலையில் பொதியாகி லொறியில் ஏறினால் நேரே கொழும்பு. டிக்கெட் கிடையாது, இரவில் எங்கே படுப்பது என்ற யோசனையும் கிடையாது, களஞ்சியசாலை திறந்தே இருக்கிறது. 1883இலிருந்து அங்கே தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன்பு சாயத்தை வரிசையாகக் கிண்ணங்களில் ஊற்றி வைப்பார்கள். சுவை பார்க்கிற பெரியவர்கள் ஒவ்வொன்றாகச் சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுழற்றுச் சுழற்றி, துப்பிவிடுவார்கள். நல்ல தேயிலையானாலும் துப்பத்தான் வேண்டும், தொழில் முறை அப்படி. எங்கள் ஊர் விருந்தாளியை இந்த லட்சணத்தில் வரவேற்கிற நகரத்துக்குப் போகும்போது நான் ஆலத்தியை எதிர்பார்ப்பதில்லை.

செலவுக் கணக்குக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் காசைப் பேரில் எண்ணுவோம். மலைக்குப் போய், தோட்டம் கேட்கிற கிலோ கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் செக்ரோலில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஒரு பேருக்கு ஆயிரம் ரூபா வேண்டும் என்று வருடக்கணக்காகக் கத்தி, 2021இல்தான் அது கைக்கு வந்தது. 2024இல் 1350 ஆனது. இங்கே நான் சொல்கிற கணக்கெல்லாம் அந்த 1350இல் போட்டது.

கொழும்பிலிருந்து திரும்பி வந்து நான் எந்த விலையைச் சொன்னாலும் அம்மா அதை உடனே வகுத்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு தாண்டாதவர், ஆனால் இந்த ஒரு வகுத்தலில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

"ஒரு கப் கோப்பி எழுநூறு ரூவாம்மா."

"அரப்பேரா! கோப்பிக்குள்ள என்னாத்தடா போடுறானுங்க?"

"பாலாலே மேலே ஒரு எல மாதிரி படம் வரையுறானுங்க."

"எலயா? நான் நாள் பூரா எல புடுங்குறேனே, எனக்கு ஒருத்தன் எழுநூறு குடுப்பானா?"

ஆகவே எனக்கு வீட்டில் விதித்த எல்லை மூன்று பேர். போக, வர, தின்ன, பார்க்க எல்லாம் அதற்குள்.

போவதற்கு மலிவான வழி, உடப்புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி ராகலை, நுவரெலியா, பிறகு நானுஓயா, அங்கிருந்து இரவு மெயில் கோச்சி. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து ராகலை வரைக்கும் குட்டிக் கோச்சி ஓடியது. வெள்ளைக்காரன் அதற்கு எங்கள் ஊர்ப் பெயரையே வைத்தான், ஆனால் பாதையை எங்கள் ஊர் வரைக்கும் போடவில்லை. 1940களில் அதையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெளிநாட்டுப் பயணிகள் பகல் கோச்சிக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு முன்பதிவு செய்கிறார்கள். ஜன்னலில் தேயிலை மலை தெரிய வேண்டுமாம். நாங்கள் அதிலேயே பிறந்து அதிலேயே வழுக்கி விழுந்து வளர்ந்தவர்கள். மூன்றாம் வகுப்பில் இரவில் ஏறிக் குந்தினால் ஒன்றும் தெரியாது, விடியும்போது கொழும்பு கோட்டை. ஓர் இரவுக்கான தங்கும் செலவும் மிச்சம். மண்சரிவு இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தங்குவதற்கு மச்சான். மலைநாட்டில் ஏறக்குறைய எல்லா லயத்துக்கும் கொழும்பில் ஒரு மச்சான் உண்டு. என்னுடையவர் புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கிறார், ஜிந்துப்பிட்டியில் ஆறேழு பேரோடு ஓர் அறையில் கிடக்கிறார். வாடகை கேட்க மாட்டார். போன் எடுத்ததும் "வாடா மச்சான்" என்பார், அடுத்த மூச்சில் "கரட் நல்ல வெல போவுதோ?" என்பார். அதுதான் வாடகை. ஓர் உரப்பை நிறையக் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட். எங்கள் பக்கத்தில் தோட்டக்காரன் விலை போகாமல் வேலியோரம் கொட்டுகிற நாட்களிலும் கொழும்பில் அதற்கு மரியாதை குறைவதில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். என் அனுபவத்தில் லீக்ஸ் இருக்கிற வரைக்கும் விருந்து, பீட்ரூட் தீர்ந்ததும் மருந்து.

இறங்கியதும் கழற்ற வேண்டியது ஸ்வெட்டரை. கொழும்பு வெயிலைப் பற்றி விவரிக்க எனக்குத் தெம்பில்லை. குளிர் வேண்டுமென்றால் அங்கே காசு கொடுக்க வேண்டும், அல்லது பெரிய கடைத்தொகுதிகளுக்குள் நுழைந்து செருப்பு வாங்குகிற பாவனையில் சுற்ற வேண்டும். நான் இரண்டாவது வகை. ஒரே சோடியை மூன்று தளத்தில் விசாரித்தால் உடம்பு ஆறிவிடும்.

கொழும்பில் என் காசுக்கு அதிகம் கொடுத்த இடம் தேசிய அருங்காட்சியகம். 1877இல் ஆளுநர் வில்லியம் கிரகரி திறந்தது. வெள்ளை வெளேரென்ற கட்டடம், முன்னால் அவருடைய சிலை, சுற்றிலும் ஆலமர நிழல். உள்ளே கண்டி ராஜாக்களின் சிம்மாசனம் இருக்கிறது. 1815இல் வெள்ளைக்காரன் கண்டியைப் பிடித்ததும் சிம்மாசனத்தை இங்கிலாந்துக்கும், கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூருக்கும் அனுப்பினான். சிம்மாசனம் 1934இல் திரும்பி வந்துவிட்டது. ராஜா 1832இலேயே அங்கே கண்ணை மூடிவிட்டார். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் முன்னாலேயே இந்தியாவுக்கு ஏற்றப்பட்ட மனிதர். அந்தச் சிம்மாசனத்துக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு ஒரு சொந்தக்காரர் வீட்டு நாற்காலியைப் பார்க்கிற உணர்ச்சி வரும்.

நுழைவுச் சீட்டில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைப் போலப் பல மடங்கு. நான் அடையாள அட்டையை யாரும் கேட்பதற்கு முன்பே நீட்டிவிடுவேன். அதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. என் தாத்தா உடப்புசல்லாவையில் பிறந்து உடப்புசல்லாவையில் கவ்வாத்து வெட்டியவர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவரை இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்றது. அந்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுக்கும், மூன்று லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தாத்தா அந்தப் 'பிறகு பார்க்கலாம்' கூட்டத்தில் இருந்தார். அப்போது அவர் அருங்காட்சியகம் பார்க்க வந்திருந்தால் எந்த விலைக்குச் சீட்டுக் கொடுத்திருப்பார்கள்? உள்நாட்டவர் இல்லை, வெளிநாட்டவர் என்று சொல்ல வேறு நாடும் இல்லை. அதற்கென்று ஒரு விலை எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. சும்மா உள்ளே விட்டிருப்பார்களோ என்னவோ.

அதே அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது, தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் தவறவிடக் கூடாதது. சீனத் தளபதி செங் ஹேயின் கப்பற்படை கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு தேதி போட்டது, 1911இல் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் பொறித்திருக்கிறார்கள். தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. இந்தத் தீவுக்குப் போனால் தமிழில் எழுத வேண்டும் என்று அறுநூறு வருடத்துக்கு முன் சீனாவில் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. 2021இல் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியில் வைத்த ஒரு பெயர்ப்பலகையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது, தமிழ் இல்லை. சத்தம் போட்ட பிறகு கழற்றினார்கள். இடையில் சீனாக்காரனுக்கு மறதி வந்துவிட்டதா, அல்லது இங்கே கேட்ட ஆளின் விலாசம் மாறிவிட்டதா என்று கல்லைப் பார்த்தபடியே யோசிக்கலாம். யோசிப்பதற்குத் தனிச் சீட்டு இல்லை.

சட்டப்படி தலைநகரம் கொழும்பு இல்லை, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே, பாராளுமன்றம் 1982 முதல் அங்கே. ஏரிக்கு நடுவில் இருப்பதால் பஸ் ஜன்னலிலேயே பார்த்து முடித்துவிடலாம். தாமரைக் கோபுரத்தை ஏறக்குறைய எந்தத் தெருவில் நின்றாலும் பார்க்கலாம். மேலே ஏறினால் கோபுரம் தெரியாது, கீழே நின்றால்தான் தெரியும். காசு கட்டி ஏறுகிறவர்கள் இதை ஏன் யோசிப்பதில்லை என்று தெரியவில்லை.

கடலைப் பார்க்க ஆகச் சிறந்த வழி காலிமுகத்திடல் என்பார்கள். நான் கோட்டையிலிருந்து கல்கிசைக்குப் போகிற கரையோரக் கோச்சி என்பேன். மூன்றாம் வகுப்பு, சில்லறைக் காசு, கடல் பக்கத்து வாசலில் ஓர் இடம். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் தண்டவாளமும் கடலும் ஒட்டிக்கொண்டே வரும். காற்று பலமான நாளில் உப்புத்தண்ணி முகத்தில் அடிக்கும். பக்கத்து ஹோட்டல்களில் இதே கடலைப் பார்க்கிற ஜன்னலுக்கு ஓர் இரவுக்கு எத்தனை பேர் என்று அம்மாவிடம் கேட்கக் கூடாது.

காலிமுகத்திடலையும் விட முடியாது. 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அந்த நடைபாதையை முடித்து, கொழும்பின் பெண்கள், குழந்தைகள் நலனுக்காகத் தனக்குப் பின் வருகிற ஆளுநர்கள் இதைக் காக்க வேண்டுமென்று கல்லில் வெட்டி வைத்தார். உடப்புசல்லாவை ஆம்பிளைகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் யாரும் தடுப்பதில்லை. அந்தி, பட்டம், கடல் மூன்றும் இலவசம். இஸ்ஸோ வடைக்குத்தான் காசு. வடைக்கு மேலே இறால் கண்ணை உருட்டிக்கொண்டு படுத்திருக்கும், ஒன்றோடு எழுந்துவிட வேண்டும்.

கொழும்பின் சரித்திரத்திலேயே மலிவான சுற்றுலா 2022 ஜூலை 9ஆம் தேதி தொடங்கியது. ஆட்சியை எதிர்த்துத் திரண்ட சனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் போய்விட்டார்கள். சில நாளைக்கு ஊரே போய்ப் பார்த்தது. நீச்சல்குளத்தில் குளித்தார்கள், கட்டிலில் படுத்தார்கள், உடற்பயிற்சி செய்தார்கள். உள்நாட்டவர் விலை, வெளிநாட்டவர் விலை ஒன்றுமே இல்லை. எங்கள் ஊரிலிருந்து நாங்கள் போகவில்லை. பஸ்ஸுக்கு டீசல் இல்லை. டீசல் இல்லாததால்தான் மாளிகையைத் திறந்தார்கள், டீசல் இல்லாததால்தான் எங்களால் பார்க்க முடியவில்லை.

மாலைகளுக்கு வெள்ளவத்தை. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் அங்கே இருக்கிறது, நல்ல நூலகம். இலக்கியக் கூட்டத்துக்குக் கொழும்பில் பஞ்சமே இல்லை, அதிலும் நூல் வெளியீடு என்றால் பட்ஜெட் பயணிக்குக் கல்யாணச் சாப்பாடு. வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை எல்லாம் பொறுத்துக்கொண்டால் நடுவில் ரோல்சும் பற்றீசும் தேத்தண்ணியும் வரும். கவனிக்க வேண்டியது சிறப்புப் பிரதி என்கிற கட்டம். பெயர் கூப்பிடுவார்கள், மேடையேறி உறையைக் கொடுத்துப் புத்தகம் வாங்கிப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். உறைக்குள் எவ்வளவு என்பது கௌரவத்தைப் பொறுத்தது. ஒரு கூட்டத்தில் (எங்கே என்று சொல்ல மாட்டேன்) இரண்டாவது பற்றீசில் கை வைக்கும்போது ஒலிபெருக்கி, "மலையகத்திலிருந்து வருகை தந்திருக்கும் இலக்கிய ஆர்வலர்" என்றது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு முழுப் பேர் போய்விட்டது. புத்தகம் நவீன கவிதை, இன்னமும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு பெரிய ஹோட்டலின் தேநீர்க்கூடத்துக்குள் ஏசிக்காக நுழைந்த கதை. உட்கார்ந்ததும் தடித்த அட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். இலங்கைத் தேயிலைப் பிரதேசங்கள் ஏழையும் அச்சடித்திருந்தார்கள். நுவரெலியா, டிம்புள்ள, ஊவா, அடுத்தது உடப்புசல்லாவை! எங்கள் ஊர்ப் பெயர், பக்கத்தில் மலர் வாசம் அது இதென்று நாலு வரி வர்ணனை, அதற்கும் பக்கத்தில் விலை. முக்கால் பேர். அம்மா பறித்ததை அம்மாவின் முக்கால் நாள் கொடுத்துக் குடிக்க வேண்டும்.

பரிமாற வந்த பையன் என் முகத்தையும் கையிலிருந்த ஸ்வெட்டரையும் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "அண்ணே, எந்தப் பக்கம்?" என்றான்.

"உடப்புசல்லாவ."

"நான் ராகல." சுற்றுமுற்றும் பார்த்தான். "இது வேணாண்ணே. நீட்டு எல, சாயமே எறங்காது. நம்ம வாய்க்குப் பத்தாது. பின் சந்துல ஒரு கட இருக்கு, டஸ்ட்டுத் தூள்ல சாயத்தண்ணி, பனிசும் இருக்கும். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

போனேன். சாயத்தண்ணி நன்றாகத்தான் இருந்தது. நல்ல இலை கப்பலேறிப் போக, மிஞ்சுகிற தூளில் வளர்ந்த நாக்குக்கு வேறெது பிடிக்கும்?

கொழும்பு பார்க்கக் கிளம்புகிற மலைநாட்டு உறவுகளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பு வாரத்தில் போங்கள். கொழும்பில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள், வசதியுள்ள மீதிப் பேர் சீசனுக்கென்று நுவரெலியாவில் நம்முடைய குளிரைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். ஆனால் சாப்பாட்டுக் கடைகளும் பூட்டியிருக்கும், மச்சானும் ஊருக்கு வந்திருப்பார். ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு, அறைச் சாவியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போங்கள்.